பதினாறு மணி நேர வெளிச்சம்

சாமை காலையிலிருந்து கூண்டின் மூலையில் உடம்பை உப்பிக்கொண்டு நின்றது. வால் ஏறி ஏறி இறங்கியது. முட்டை வரவில்லை.

சாமை ஒரு காடை. பெயர் என் மனைவி கலைமணி வைத்தது. கல்யாணமான புதிதில், நான் வேலை பார்க்கும் அடிவாரத்துப் பண்ணையில் விரல் வளைந்த குஞ்சு ஒன்றைக் கழித்துப் போட்டார்கள். எடுத்து வந்து அவளிடம் கொடுத்தேன். அதற்கு இப்போது மூன்று வயது. கலைமணி இறந்து ஏழு மாதம்.

நான் விலங்கியல் படித்தவன். எந்த வாரத்தில் குஞ்சு எத்தனை கிராம் இருக்க வேண்டும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். வயதான காடையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மட்டும் தெரியாது. பண்ணையில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

லீவு சொன்னேன். உட்கார முடியவில்லை. பைக்கை எடுத்துச் சோளக்காடு கடைத்தெரு வரை போனேன். எதற்கென்று தெரியாமல் திரும்பி வந்தேன். சாமை அப்படியே நின்றது. உடன் வேலை செய்யும் சதீஷ்குமாருக்குப் போன் செய்தேன்.

"மூணு வருசக் காடையா? எட்டு மாசத்துக்கு மேல ஒண்ண நான் கண்ணால பாத்ததில்லடா. அதுக்கப்புறம் மசாலாதான்."

கலைமணி வளர்த்தது என்றேன். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு நனைய வைத்துப் பார்க்கச் சொன்னான். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்தான்.

கிண்ணத்துத் தண்ணீரில் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையில் எடையே இல்லை. நாலு மணிக்கு முட்டை வந்தது. ஓடு இல்லை, வெறும் தோல். விரல் பட்டதும் உடைந்தது.

சாமையைத் துடைத்து, கூண்டில் பழைய துண்டின் மேல் விட்டேன். ஐந்தரைக்கு டைமர் தட்டியது. கூண்டின் மேல் பல்பு எரிந்தது. சாமை தலையைத் தூக்கியது.

அந்த பல்பு நான் மாட்டியது. பகல் குறைந்தால் காடை முட்டையை நிறுத்திவிடும். பதினாறு மணி நேர வெளிச்சம் கொடுத்தால் நிறுத்தாது. பண்ணையில் அதுதான் கணக்கு. போன வருடம் கார்த்திகையில் கலைமணி கேட்டாள்.

"ஏனுங்க, அதுக்கும் பொழுது சாய வேண்டாமுங்களா?"

"பண்ணைக்காரங்கிட்ட வந்து இருட்டக் கேக்கற பாரு," என்றேன். சிரித்தாள். பல்பு எரிந்தது.

அவள் போன பிறகும் எரிந்தது. முட்டைகளை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுப்பேன். முட்டைக்காகப் பல்பை விட்டுவைக்கவில்லை. வேலை முடிந்து மலை ஏறி வரும்போது, திருப்பத்திலிருந்தே ஜன்னல் மஞ்சளாகத் தெரியும். உள்ளே ஆள் இருக்கிற வீடு மாதிரி. அதற்காகத்தான்.

இன்னொரு ஓடில்லாத முட்டையைச் சாமை தாங்காது. பிளக்கைப் பிடுங்கினேன்.

வீடு இருண்டது. வெளியே போனேன். சாலையில் பைல் நாடு போகும் பக்கம் நடந்தேன், திரும்பி நடந்தேன். நாலைந்து முறை. உள்ளே வந்தபோது சாமை காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. அந்த நேரத்தில் அது உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் தண்ணீர்க் கிண்ணத்தைத் தரையோடு தாழ்த்தினேன். நகத்தை வெட்டினேன். கம்பித் தரைமேல் சாக்கு விரித்தேன். பிறகு முட்டை வரவில்லை. புது இறகு முளைக்க, முதுகின் பழைய இறகு உதிர ஆரம்பித்தது.

ஐந்தாம் நாள் வேலை முடிந்து வரும்போது இருட்டில் வீடு தெரியாமல் தாண்டிப் போய்விட்டேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். விளக்கைப் போடவில்லை. கூண்டுக்குள் கையை விட்டுக் கிண்ணத்தைத் தடவினேன்.

பாதி குடித்திருந்தது.