இரண்டாவது வயர் எங்கே போகிறது?

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என் நாத்தனார் சாப்பிடும்போது வாய்தவறிச் சொன்னது. டிஷ் ஆன்டெனா கம்பெனி ஒன்றில் அவளுக்குப் போனில் பதில் சொல்லும் வேலை. படம் வரலை, மழை பெய்தா புள்ளிபுள்ளியாகுது, எந்த வயரை எங்கே சொருகுறது என்று வீடுகள் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"எழுதிடாதீங்க அண்ணி" என்றாள். தலையாட்டிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'மொட்டைமாடியில் நிலா காய்ந்துகொண்டிருந்த...'

வேண்டாம். வயர் கதைக்கு நிலா எதற்கு?

2

ஒரு பெண் கூப்பிட்டாள். "ஒரு டிவிக்கு எத்தனை வயர் வேணும்?"

"ஒண்ணு போதும்மா."

"எங்க டிஷ்ல இருந்து ரெண்டு இறங்குது. ஒண்ணு ஹாலுக்கு வருது. இன்னொண்ணு காம்பவுண்ட் சுவரைத் தாண்டிப் பக்கத்துக் கட்டடத்து ஜன்னலுக்குள்ள போகுது. வீட்டுக்காரரைக் கேட்டா, சும்மா கிடக்குற வயர்ங்கிறார்."

நாத்தனாரின் திரையில் அந்தக் கணக்கில் இரண்டு செட்டாப் பாக்ஸ் தெரிந்தன. கணக்கு கணவன் பெயரில். அவனைத் தவிர யாரிடமும் அதைச் சொல்லக் கூடாது. வயரைப் பற்றிச் சொல்லலாம்.

"சும்மா கிடக்குதுன்னா கழட்டிப் பாருங்க. யாரும் தேட மாட்டாங்க."

(வேண்டுமென்றே சொன்னாயா என்று கேட்டேன். "என் வேலையைத்தான் பார்த்தேன்" என்றாள். நான் நம்பவில்லை. அவளுக்கும் ஒரு வீட்டுக்காரர் இருந்தார்.)

3

ஜன்னலுக்கு உள்ளே யார்? முதல் வரைவில் ஒரு பெண்ணை உட்கார வைத்தேன். நீங்களும் அவளைத்தான் வைத்திருப்பீர்கள். தலைக்குக் குளித்துவிட்டு அவள்... அடித்துவிட்டேன்.

மறுநாள் வந்தது ஒரு கிழவரின் குரல். படம் வரவில்லையாம். பாக்ஸ் நம்பரைத் தடுமாறித் தடுமாறிப் படித்தார். அதே கணக்கு.

"ஐயா, கணக்கு வேற பேர்ல இருக்கே. அவருக்கு நீங்க என்ன வேணும்?"

"அப்பா. மெதுவாப் பேசும்மா, ஜன்னல் திறந்திருக்கு. நான் இங்க இருக்கிறது மருமகளுக்குத் தெரியாது. என் முகத்துலயே முழிக்காதீங்கன்னுட்டா. என்னை வெளியூர்ல ஒரு ஹோம்ல சேர்த்துட்டதா பையன் சொல்லி வச்சிருக்கான்."

"மருமக ஏன் அப்படிச் சொன்னாங்க?"

ரிமோட்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"நீ படம் ஏன் வரலைன்னு பாரும்மா" என்றார்.

(அந்தக் காரணத்தை நானே நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் பாவம், இன்னொன்றில் அவள் பாவம். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். எனக்கு அவர் மேலும் சந்தேகம், அவள் மேலும் சந்தேகம்.)

4

அன்று மாலை மருமகள் திரும்பவும் லைனில் நாத்தனாரையே பிடித்துவிட்டாள்.

"கழட்டிட்டேன். வயசானவர் யாராவது உங்களுக்குப் போன் பண்ணாரா?"

வயசானவர் என்று அவளுக்கு யார் சொன்னது?

முடிவு ஒன்று: நாத்தனார் "இல்லைம்மா" என்கிறாள். மருமகள் வயரை மாட்டிவிடுகிறாள். கிழவருக்குப் படம் வருகிறது. கணவனின் பொய்க்கு இப்போது இன்னொரு ஆள் துணை.

முடிவு இரண்டு: "ஆமா" என்கிறாள். மருமகள் போனை வைத்துவிட்டுப் பக்கத்துக் கட்டடத்துப் படியில் ஏறுகிறாள். கையில்...

இரண்டையும் நாத்தனாருக்குப் படித்துக் காட்டினேன். எழுதியதற்கு அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"ரெண்டும் இல்லை அண்ணி."

"அப்போ என்னதான் சொன்னே?"

"அந்த இடத்துல இருந்திருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

எனக்குத் தெரியவில்லை. அதனால் ஹெட்போனைக் கழற்றி உங்கள் காதில் மாட்டுகிறேன். மருமகள் லைனில் இருக்கிறாள்.

"ஹலோ? இருக்கீங்களா?"