பூச்சுக்கு அடியில் பதினேழு எழுத்துகள்

என்னைப் பெயிண்டர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன். கார் கழுவுகிறவரே என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டேன். இந்த நாட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகியும் அந்தத் திமிர் போகவில்லை. முதலாளி ஒருநாள், "காது கேக்காதா உனக்கு?" என்று கேட்டே விட்டார். கேட்காமல் என்ன, நன்றாகவே கேட்டது.

இருபத்திரண்டு வருடம் கார்களுக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். அதை இங்கே யாரிடம் போய்ச் சொல்வது? வேலை கேட்டுப் போன நாலு பட்டறையிலும் ஒரே கேள்விதான்: "சர்டிபிகேட் இருக்கா?" நான் வேலை கற்ற இடத்தில் அடிதான் கொடுத்தார்கள், சர்டிபிகேட் கொடுக்கவில்லை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐந்தாவது பட்டறையில் சோப்புத் தண்ணீர் வாளியைக் கையில் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். என் மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்ததால்தான் நாங்கள் இங்கே வந்தோம். அவள் காலையில் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் சும்மா உட்கார என்னால் முடியவில்லை.

"ஊர்ல இருந்து நம்ம வண்டி வரட்டும்," என்று அவளிடம் தினமும் சொல்வேன். "வந்து ரோட்ல இறங்கட்டும். அப்புறம் எவன் என்கிட்ட சர்டிபிகேட் கேக்கறான்னு பாக்கறேன்."

"வண்டி வந்து உங்களுக்குச் சிபாரிசு பண்ணுமா?" என்பாள் அவள்.

பண்ணும் என்றுதான் நம்பினேன். அது லாரியில் மோதி நொறுங்கிக் காயலான் கடைக்குப் போக இருந்த வண்டி. கெஞ்சி வாங்கி, நாலு வருட ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்னக் கொடுத்து, நான் எழுப்பி நிறுத்தியது. என் மனைவியும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்திருக்கிறாள். அடர்ந்த பச்சை நிறம். பானட்டைத் தூக்கினால் உள்ளேயும் அதே பச்சை, அதே வழவழப்பு. "உள்ள யாருங்க பாக்கப் போறா?" என்று அப்போதே கேட்டாள். "நான் பாப்பேன்ல!" என்றேன். அந்த உள்பக்கம்தான் கடைசியில் என்னைக் கவிழ்த்தது.

ஊரிலிருந்து காரைக் கப்பலில் கொண்டுவந்துவிட்டால் போதும், சாவியைப் போட்டு ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் நடக்காது. வண்டி துறைமுகத்தில் இறங்கிய நாளிலிருந்து முப்பது நாள் தவணை. அதற்குள் பரிசோதனையில் தேறி உள்ளூர் நம்பர் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் நசுக்கி இரும்பாக்கிவிடுவார்கள். அதுவரை சாலையில் ஒரு அடிகூட ஓட்டக் கூடாது, இழுவை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். முதல் தடவைப் பரிசோதனையில் ஹெட்லைட்டால் மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் இடப்பக்கம் போவோம், இங்கே வலப்பக்கம். என் வெளிச்சம் எதிரில் வருகிறவன் கண்ணில் அடிக்கிறதாம். ஹெட்லைட்டை மாற்றினேன். பின்னால் ஒரு பனி விளக்கு கேட்டார்கள், மாட்டினேன். வண்டி இவள் பெயரில் இருந்ததால், காப்பீடு, வரித்தாள், கப்பல் ரசீது எல்லாவற்றையும் இவள் ஒரு நீலக் கோப்பில் அடுக்கினாள். இப்படியே இருபத்தொன்பதாவது நாள் வந்துவிட்டது.

பரிசோதனை நிலையம் ஒரு நீளமான தகரக் கொட்டகை. ஆய்வாளர் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார், அதிகம் பேசாதவர். பிரேக், புகை, விளக்கு எல்லாம் தேறியது. நான் இவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினேன்.

"பானட்டைத் தொறங்க," என்றார் ஆய்வாளர். திறந்தேன், எனக்கென்ன பயம்?

அவர் டார்ச் அடித்து எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சுவரைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். கையால் தடவியும் பார்த்தார். "சேஸிஸ் நம்பர் எங்க?"

இவள் சட்டென்று கதவோரம் ஆணியடித்திருந்த தகட்டைக் காட்டினாள். "இங்க இருக்கே சார்."

"அது தகடு மேடம். நாலு ஆணியைக் கழட்டினா வேற வண்டிக்குப் போயிடும். இரும்புலயே அடிச்ச நம்பர் வேணும். அது இங்க இருக்கணும், ஆனா இல்ல."

அது அங்கேதான் இருந்தது, என் பெயிண்டுக்கு அடியில். அதை மறந்துபோய் மூடினேன் என்று சொன்னால் பொய். தெரிந்தேதான் மூடினேன். சுவர் முழுக்க வழவழவென்று வந்தபோது நடுவில் அந்த ஒரு வரி மட்டும் சொரசொரவென்று என் கண்ணை உறுத்தியது. தகட்டில்தான் நம்பர் இருக்கிறதே என்று பள்ளம் அடைக்கிற பட்டிப் பசையை வைத்து நிரவிவிட்டேன்.

"பெயிண்ட் உள்ள இருக்கு சார்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நானும் பத்து வருஷமா இந்த வேலை பாக்கறேன். எங்க மூடியிருக்குன்னே தெரியாத அளவுக்கு ஒருத்தன் நம்பரை மூடினா, அதுக்கு அர்த்தம் ஒண்ணுதான். திருட்டு வண்டி."

"யாரைப் பாத்துத் திருடங்கறீங்க? அழகுக்காக மூடினது சார் அது!"

"யார் மூடினது?"

"நான்தான்! வேற எவனுக்கு இப்படி வரும்?"

இவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, மாட்டிக்கிட்ட இடத்துலயுமா பெருமை? கொஞ்சம் வாயை மூடுங்க." பிறகு கோப்பைத் திறந்து அவர் முன் வைத்தாள். வண்டி வாங்கிய தாள், விபத்துத் தாள், நொறுங்கிக் கிடந்த வண்டியின் படங்கள். ஆய்வாளர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். படத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரூல் என்னன்னு சொல்றேன்," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "என் கண் முன்னால நீங்களே பூச்சை எடுக்கலாம். மெஷின் கூடாது, ஆசிட் கூடாது, வெறும் கைதான். நம்பர் தாளோட ஒத்துப்போனா பாஸ். தேய்க்கறதுல ஒரு எழுத்து அழிஞ்சாலும் வண்டி இந்த கேட்டைத் தாண்டாது. நாலு மணிக்கு மூடிடுவோம்."

கொட்டகைக் கடிகாரத்தில் மணி இரண்டரை. நான் அசையாமல் நின்றேன். பயத்தால் அல்ல, எனக்கு மனசு வரவில்லை, அதுதான் உண்மை. உலகத்துக்குக் காட்ட என்னிடம் இருந்தது அந்த ஒரு வேலை. அதில் நானே கை வைக்க வேண்டுமாம்.

"எடுங்க," என்றாள் இவள்.

டிக்கியில் இருந்த உப்புத்தாளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, விரலில் சுற்றிக்கொண்டு ஆரம்பித்தேன். முதலில் மேலே இருந்த பளபளப்பு போனது, பச்சை மங்கியது. அப்புறம் பச்சையே கரைந்து கைவழியாக ஓடியது. சாம்பல் நிறப் பிரைமர் வந்தது. இனிமேல்தான் கண்டம். அடுத்தது பட்டி, அதற்கு அடியில் எழுத்துகள். நயமான உப்புத்தாளுக்கு மாறினேன். இவள் பாட்டிலைச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று என் விரல் நுனிக்குத் தெரியும். அதற்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சர்டிபிகேட் தருகிறான், சொல்லுங்கள்!

முதல் எழுத்து வெளியே வந்தபோது இவள்தான் முதலில் பார்த்தாள். வண்டி வாங்கிய தாளில் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டாவதில் சிக்கல். தாளில் எட்டு. சுவரில் மூன்று.

"மூணு மாதிரி இருக்கே," என்றார் ஆய்வாளர்.

"எட்டுதான் சார். பாதியில பட்டி அடைச்சிருக்கு." இனி தேய்த்தால் இரும்பு போய்விடும். தீக்குச்சியின் முனையைப் பல்லால் கடித்துக் கூராக்கி, அந்தப் பள்ளத்தில் விட்டு நோண்டினேன். மாவு மாவாக வந்தது. ஊதினேன். இடப்பக்கத்து வளைவு இரண்டும் தெரிந்தன. எட்டு! கொட்டகையில் வேலை பார்த்த மற்ற ஆட்களும் அதற்குள் சுற்றி வந்து நின்றிருந்தார்கள். மிச்ச ஐந்து எழுத்தும் வந்தபோது மூன்று ஐம்பது.

ஆய்வாளர் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். பதினேழு எழுத்தும் அப்படியே விழுந்தன. தாளோடு ஒப்பிட்டார். மேசைக்குப் போய் நீண்ட நேரம் எழுதினார். முத்திரை குத்தி இவளிடம் நீட்டினார். "இனிமே அந்த இடத்தை மூடாதீங்க. வேணும்னா நிறமில்லாத வார்னிஷ் மட்டும் அடிச்சுக்குங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கையைக் குலுக்கினார். என் கையெல்லாம் பச்சை. அவர் கையிலும் ஒட்டிக்கொண்டது.

வெளியே வந்து, இழுவை வண்டி வரும்வரை எங்கள் வண்டியில் உட்கார்ந்தோம். இவள் தாளைப் படித்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடி, இன்னும் ஏதாவது கேக்கறானா?"

"கேளுங்க," என்றாள். சத்தமாகப் படித்தாள்: "இரும்பில் பதித்த எண், மிக உயர்ந்த தரமுள்ள பெயிண்ட் வேலையினால் முழுமையாக மறைந்திருந்தது. அவ்வேலையைச் செய்தவர் உரிமையாளரின் கணவர். அவரே என் முன்னிலையில், எண்ணுக்குச் சிறிதும் சேதமின்றி, கையால் பூச்சை நீக்கினார். எண் அசலானது."

"இன்னொரு தடவை படி."

படித்தாள். இந்தத் தடவை அவள் குரல் உடைந்தது. நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்? நாலு மாதமாக நான் வாயால் சொல்லி யாரும் நம்பாததை, கேட்காமலேயே ஒரு சர்க்கார் ஆள் எழுதி முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறான்.

மறுநாள் காலை உள்ளூர் நம்பர் வாங்கி மாட்டி, வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய், முதலாளியின் மேசையில் அந்தத் தாளை வைத்தேன்.

"இது வண்டிக்குக் கொடுத்த பேப்பர்தானே?" என்றார்.

"வண்டிக்கும்தான். கொஞ்சம் பொறுமையா முழுசும் படிங்க."

படித்தார். எழுந்து வெளியே போய், பானட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு தெரிந்த அந்த இடத்தைப் பார்த்தார். அதைச் சுற்றியிருந்த பச்சையை அதைவிட அதிக நேரம் பார்த்தார்.

"மத்தியானம் ஒரு வண்டி வருது," என்றார். "முன்பக்கம் முழுக்கப் போச்சு. பண்ணிக் காட்டுவியா?"

"காட்டறேன்," என்றேன். "மூடக் கூடாத இடம் ஏதாவது இருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. நான் மூடினா அப்புறம் உங்களால கண்டுபிடிக்க முடியாது."