கண்ணாடி அறையின் காற்று

பொழுது புலரும் முன்பே முதல் லாரி பாறையைக் கொட்டிவிட்டது. கிரஷர் அதை நொறுக்கத் தொடங்கியதும் தூசி எழுந்து விளக்கை மறைத்தது. தூசியை அடக்க மேலே வைத்திருக்கும் நீர்த்தெளிப்பான்களில் ஒரு சொட்டு இல்லை. இந்த உயரத்தில் இரவில் குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும். வெயில் ஏறி அது உருக நண்பகலாகும். அதுவரை தாமிரப் பாறையைக் காய்ந்தபடியே உடைக்க வேண்டும். மலை உச்சியில் காற்றே குறைவு. அந்தக் கொஞ்சத்திலும் பாதி கல்.

குழாயைச் சுற்றிச் சூடேற்றும் கம்பி போடச் சொல்லி மூன்று குளிர்காலமாகக் கேட்கிறோம். மேனேஜரிடம் ஒரே பதில்தான்: "தூசிய அளந்து பாத்தாச்சு. எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு."

அளந்த லட்சணம் எங்களுக்குத் தெரியும். மாதம் ஒருமுறை ஆய்வு அதிகாரி காலையில் ஒரு சிறு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போய், மதியத்துக்கு மேல் வந்து வாங்கிக்கொள்வார். இடுப்பில் கட்டிக்கொண்டால் அது காற்றை இழுத்து, உள்ளிருக்கும் வெள்ளைத் தாளில் தூசியைச் சேர்க்கும். கிரஷர் ஆள் கட்ட வேண்டிய பெட்டி அது. மேனேஜர் அதை கேட் காவலரின் இடுப்பில் கட்டிவிடுவார். அவர் கண்ணாடி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தாள் வெள்ளை வெளேரென்று திரும்பிப் போகும்.

அந்தக் காவலர் என் மாமனார். அதுதான் என் வயிற்றெரிச்சல். ஒரே வீடு, ஒரே அடுப்பு. நான் மாடிப்படியில் நின்று நின்று ஏறுவதைப் பார்த்துக்கொண்டே மாதாமாதம் பெட்டியைக் கட்டினார். நேற்றுச் சாப்பிடும்போது இருமல் தாங்காமல் தட்டைத் தள்ளிவைத்தேன். என் மனைவி அவரைப் பார்த்து, "அப்பா, நாளைக்குப் பெட்டி வருதாமே?" என்றாள். அவ்வளவுதான். அவரும் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினார்.

இன்று எட்டு மணிக்கு இடுப்பில் பெட்டியோடு அவர் கிரஷர் மேடைக்கு ஏறி வந்தார்.

"இங்க எதுக்கு வந்தீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

"வேலைக்குத்தான் மாப்ள. நீங்க உங்க வேலையப் பாருங்க."

பத்து மணிக்கு மேனேஜர் மூச்சு வாங்க ஓடிவந்தார். முகத்தில் புத்தம் புது முகமூடி.

"யோவ், உனக்கு இங்க என்னய்யா வேலை? கேட்டுக்குப் போ!"

"ரெஜிஸ்டர்ல என் பேருக்கு நேரா கிரஷர் ஆள்னுதானே சார் இருக்கு? நீங்க எழுதினதுதான். மூணு வருஷமா கையெழுத்து மட்டும் போட்டேன். இன்னைக்குத்தான் வேலைக்கு வந்திருக்கேன்."

"பெட்டியக் கழட்டு."

"அதிகாரிதான் கழட்டணும். பெட்டி மேலயே எழுதியிருக்கு."

மேனேஜர் கையை நீட்டினார். கன்வேயர் பெல்ட்டில் கல் பொறுக்கும் அக்கா குறுக்கே வந்து நின்றார். அடுத்து நான். திரும்பிப் பார்த்தால் மேடையிலிருந்த ஏழு பேரும் மாமனாரைச் சுற்றி நின்றிருந்தோம்.

"எல்லாருக்கும் சீட்டக் கிழிச்சிடுவேன்! நிறுத்துங்கடா கிரஷர!"

நாங்கள் கெஞ்சியபோது ஒரு நிமிடம்கூட நிறுத்தாத மனிதர்!

"நிறுத்துறோம் சார்," என்றார் அக்கா. "தூசி தாங்கல, அதனால நிறுத்தச் சொன்னேன்னு எழுதிக் குடுங்க."

அவர் எழுதவில்லை. போனைக் காதில் வைத்தபடி கீழே இறங்கினார். யாரிடம் என்ன சொல்வாரோ, அதிகாரி இந்தத் தாளை ஒப்புக்கொள்வாரோ, கம்பி வருமோ வராதோ, எதுவும் தெரியாது.

மாமனாருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு மணி நேரத்துக்கே இப்படியா மாப்ள?" என்றார்.

"ஆமா மாமா. அதிகாரி வர இன்னும் நாலு மணி நேரம் இருக்கு."

அவர் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பவில்லை. அக்கா நகர்ந்து, கிரஷருக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் விட்டார்.