கஞ்சன் கை

அப்பாவின் இடது கையை விரிக்க ஒரே வழிதான் இருந்தது. மணிக்கட்டை மெல்ல உள்பக்கம் மடக்க வேண்டும். அப்போதுதான் விரல்கள் தளரும். அப்படித் தளர்த்தி, விரல் குத்தாமல் இருக்க உள்ளங்கையில் சுருட்டி வைத்திருந்த துண்டை உருவிவிட்டு மகள் நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் அத்தையின் குரல் கேட்டது. கூடவே சித்தப்பாவின் செருமல்.

பக்கவாதம் வந்த நாளிலிருந்து அந்தக் கைக்குப் பிடிக்க மட்டுமே தெரியும். எதை வைத்தாலும் கவ்விக்கொள்ளும், விடாது. ஒருமுறை டாக்டரின் பேனாவையே பிடித்துவைத்துக்கொண்டது. அப்பாதான் அதற்குக் கஞ்சன் என்று பெயர் வைத்தார். "கஞ்சன்கிட்ட எதையும் நீட்டாதீங்கப்பா, திரும்பி வராது" என்பார், பார்க்க வருகிறவர்களிடம். சொன்னபடி கேட்பது வலது கை மட்டும்தான். இந்த வாரம் பேச்சும் நின்றுவிட, வேண்டும் வேண்டாம் எல்லாம் அந்தக் கையில்தான்.

சித்தப்பா இந்தப் படியேறி வருஷக்கணக்காகிறது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய மரமில்லில், வேலை மளமளவென்று நடக்கட்டும் என்று ரம்பத்தின் தடுப்புத் தகட்டைக் கழற்றச் சொன்னவர் அவர். ரம்பக்காரருக்கு வலது கை முழங்கையோடு போயிற்று. விசாரிக்க வந்தவர்களிடம், ஆள் குடித்திருந்தான் என்றார் சித்தப்பா. தகட்டைக் கழற்றியது நாங்கள் என்றார் அப்பா. அதன்பின் மில்லும் இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை. ரம்பக்காரர் தெருமுனையில் பெட்டிக்கடை போட்டார். சித்தப்பா அந்தப் பக்கம் போக நேர்ந்தால் பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்.

சமாதானம் பேச வந்த எல்லோருக்கும் அப்பாவிடம் ஒரே பதில். "என் கையா போச்சு? போனவன்கிட்ட போய்க் கேக்கச் சொல்லு."

அத்தை இருவருக்கும் மூத்தவள். மனதில் எதையும் வைத்துக்கொண்டு போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டே தம்பியைக் கட்டிலருகே தள்ளினாள். நகவெட்டியை எடுக்கக்கூட நேரமில்லை. சித்தப்பா மண்டியிட்டு, விரிந்திருந்த அந்த இடது உள்ளங்கையில் தன் கையை வைத்தார்.

"அண்ணே. என்னை மன்னிச்சுடுண்ணே."

கஞ்சன் கவ்வினான்.

அத்தை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். சித்தப்பாவின் தோள் குலுங்கியது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. மகள் நகவெட்டியை ஓரமாக எடுத்து வைத்தாள். அவள் பேசாமலே இருந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி, அப்பா ஒருவரைத் தவிர.

"சித்தப்பா, அது எதை வச்சாலும் பிடிக்கும். இந்த வலது கையில குடுங்க."

"போற உயிர்கிட்ட என்னடி உனக்குப் பரிட்சை?" என்றாள் அத்தை.

அவள் அப்பாவின் மணிக்கட்டை மடக்கி அவர் கையை விடுவித்தாள். சித்தப்பா தயங்கித் தயங்கி மறுபக்கம் நீட்டினார். அப்பா கண் திறந்து தம்பியைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. வெகுநேரம் பார்த்தார். பிறகு அவருடைய வலது கை மெதுவாக நகர்ந்து போர்வைக்குள் போய்விட்டது.

மத்தியானம் மூச்சு அடங்கியது.

சாயங்காலத்துக்குள் கூடம் நிறைந்துவிட்டது. கூடவே கதையும். கடைசி நேரத்தில் தம்பி கையை இறுக்கிப் பிடித்தாராம், விடவே இல்லையாம், அப்படியே போனாராம். சொல்லிக்கொண்டிருந்தவர் சித்தப்பாவேதான். பொய் சொல்கிறவரின் முகம் இல்லை அது. அவரே நம்பத் தொடங்கியிருந்தார். கேட்டவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாகிறவர் எதிர்த்துப் பேசமாட்டார் என்பதால்தானோ என்னவோ, மனிதர்களுக்கு மன்னிப்பை அவர்களிடம் வாங்கிக்கொள்வது சுலபமாக இருக்கிறது.

ரம்பக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். சட்டையின் வலது கையை மடித்து ஊக்கு குத்தி, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அவள் சித்தப்பா பக்கம் திரும்பினாள்.

"சித்தப்பா, நீங்க பிடிச்சது கஞ்சன் கை."

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"அப்பா மன்னிக்கல. வலது கையை எடுத்து உள்ள வச்சுக்கிட்டார். நானும் அத்தையும் பாத்தோம்."

"சாவு வீட்ல பேசுற பேச்சா இது?" என்றாள் அத்தை. இல்லை என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

"உயிரோட இருக்கறப்ப அவரே சொன்னார் அத்தை. யார் காதுல வாங்கினீங்க? இப்ப அவருக்கு வாய் இல்லைன்னு ஆளாளுக்கு ஒரு பேச்சு பேசவிட மாட்டேன். கடைசிவரை அவர் சொன்னது ஒண்ணுதான். யார்கிட்ட கேக்கணும்னு சித்தப்பாவுக்குத் தெரியும்."

ரம்பக்காரர் நிமிர்ந்தார். சித்தப்பாவைப் பார்க்கவில்லை; படுத்திருந்தவரைப் பார்த்தார்.

உடலைச் சரிசெய்ய வந்த ஆள் இரண்டு கைகளையும் எடுத்து மார்பின்மேல் சேர்த்து வைக்கப்போனார். அவள் வலது கையை வாங்கி, காலையில் இருந்ததுபோலவே போர்வைக்குள் வைத்து ஓரத்தைச் செருகினாள். இடது கை இப்போது தானாகவே விரிந்து கிடந்தது. அதனருகே இன்னும் சுருள் கலையாமல் கிடந்த துண்டை, துவைக்கப் போடலாம் என்று எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சித்தப்பா நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். உட்கார இடமில்லை. ரம்பக்காரருக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.