துரை கட்டிலில் மகேஸ்வரன்

ரிங்லெட்டில் ஆற்றோரம் இருக்கும் பழைய துரை பங்களாவின் முன்வாசலில் வெறுங்காலோடு நுழைகிறவர்கள் நேராகச் சமையலறையில் போய் நிற்பார்கள். சப்பாத்துக் காலோடு நுழைகிறவர்கள் கூடத்துக்குப் போவார்கள். வீட்டைக் கட்டிய வெள்ளைக்காரத் துரைக்குத் தெரிந்த வெறுங்கால்கள் எல்லாம் வேலைக்காரர்களுடையவை. அவன் செத்து எவ்வளவோ காலமாகியும் வீடு திருந்தவில்லை. கையில் தேத்தண்ணீர்த் தட்டு இருந்தால் மட்டும் வெறுங்காலை மாடிப்படி ஏறவிடும். தட்டு கைமாறியதும் கீழே அனுப்பிவிடும். தாப்பாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த மூசா அதை வாங்கித் தங்கும் விடுதியாக்கியபோது இந்த விவரத்தை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இந்த நாட்டில் எல்லா இனத்தாரும் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்கள். முதல் வாரம் சமையலறை முழுக்கப் பெட்டியும் பிள்ளையுமாக விருந்தாளிகள். மூசா ‘சப்பாத்தோடு வரவும்’ என்று பலகை மாட்டினார். அதற்குப் பிறகு கூட்டம் கூடியது. கோலாலம்பூரிலிருந்து வந்து, தங்கள் தாத்தாக்களை நிற்கவைத்துத் திட்டியவனின் நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

கம்போங் ராஜாவில் பூத்தோட்டம் வைத்திருக்கும் மகேஸ்வரனும் அந்த ரகம்தான். அவன் அப்பா சுப்பன் இதே பங்களாவில் புல் வெட்டியவர். மழைக்கு வராந்தாவில் ஒதுங்கியதற்காகத் துரையிடம் மிதி வாங்கியவர். வேறொருவன் மாடியில் கிடந்த துரையின் கட்டிலைக் கொளுத்த நினைத்திருப்பான். மகேஸ்வரன் அதில் ஒரு ராத்திரி படுக்க நினைத்தான். அதற்கென்றே ஈப்போவில் தோல் சப்பாத்து வாங்கி, மனைவி விக்னேஸ்வரியையும் அழைத்துக்கொண்டு வந்தான். அவள் பலகையைப் பார்த்தும் செருப்பைப் படியிலேயே விட்டு நுழைந்தாள். அடுத்த அடி சமையலறையில் விழுந்தது. மூசாவின் தங்கை மஜீதா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வாங்கக்கா. போர்டு பாக்கலியா?”

“பாத்தேன். வீட்டுக்குள்ள செருப்போட நடக்க நான் என்ன ஆடா, மாடா?”

கூடத்திலிருந்து மகேஸ்வரன் கத்தினான். “ஏய், போட்டுட்டு வாலா! மானம் போவுது.”

“நீங்க கழட்டிட்டு இங்க வாங்க. சோறு ரெடி.”

அவன் மாடிக்குப் போனான். கட்டிலிலும் கழற்றக்கூடாது என்று மூசா சொல்லியிருந்தார். பழக்கம் விடவில்லை. காலைத் தூக்கிப் போடுமுன் கழற்றினான். மறுகணம் கையில் சப்பாத்தோடு சமையலறை அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். இரண்டு பெண்களும் சிரித்தார்கள். விக்னேஸ்வரி அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

“போதுங்க. சாப்ட்டு வீட்டுக்குப் போலாம்.”

“ஒரு ராத்திரிதான்” என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு, பின்பக்கம் வெளியேறி முன்வாசல் வழியாக மறுபடி ஏறினான். வெள்ளை விரிப்பில் சப்பாத்தோடு தூங்கினான். நன்றாகத் தூங்கினான் என்பதையும் சொல்லவேண்டும்.

காலையில் சப்பாத்து கழலவில்லை. மூசா கத்தி வைத்தபோது சப்பாத்தின் தோலிலிருந்தே ரத்தம் கசிந்தது. விக்னேஸ்வரி வாசலில் நின்ற காடியின் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

“இந்தக் காலோட என் வீட்டுக்குள்ள வரக்கூடாது. சாமி ரூம் இருக்கு. கொட்டாயில படுத்துக்குங்க, சோறு கொண்டாந்து தரேன்.”

தோட்டத்துக் கொட்டகையில் படுப்பதா என்று அவன் யோசித்தான். யோசித்தபடியே மாடிக்குத் திரும்பிப் போனான். அவள் காடியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இப்போது தோட்டம் அவள் கையில். முன்பைவிட ஒழுங்காக நடக்கிறது. விடுதிக்குப் பூக் கொண்டுவரும்போதெல்லாம் செருப்பை விட்டுச் சமையலறைக்கு வந்து மஜீதாவோடு சாப்பிடுகிறாள். மேலே மகேஸ்வரன் தேத்தண்ணீர் கேட்டு மணி அடிக்கிறான். விருந்தாளிகள் அவனை வீட்டோடு சேர்ந்த சாமான் என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். அவனும் காலை முன்னால் நீட்டிக் காட்டுகிறான். மனைவியைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினான்.

“தட்டு எடுத்துட்டுப் போனா வீடு விடும், அக்கா. ரெண்டு நிமிஷம்தான்.”

“புருஷனப் பாக்க நான் தட்டு தூக்கணுமா? நீ ஒக்காரு, ரசம் ஊத்து.”

மணி மறுபடி அடித்தது. மஜீதா ரசம் ஊற்றினாள்.