மேம்பாலம் ஏறாத வண்டி

அத்தானின் கார் மறுபடியும் பட்டறை வாசலில் வந்து நின்றதும் குடுக்கை கையிலிருந்த ஸ்பேனரைத் தொப்பென்று கீழே போட்டான். குடுக்கை என்பது அவன் பெயரல்ல. மெக்கானிக்குக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது என்று தெருவே அவனை அவசரக்குடுக்கை என்று கூப்பிட்டது. கூப்பிட்டவர்களுக்கும் அவசரம்போல, பாதியை விழுங்கிவிட்டார்கள். ஆனால் கைராசிக்காரன். அவன் தொட்ட வண்டி இரண்டாம் முறை அதே கோளாறோடு வந்ததில்லை, இந்த ஒரு வண்டியைத் தவிர.

அத்தான், அவன் அக்காவின் கணவர், அந்தக் காரில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். கொஞ்ச காலமாக ஒரே பாட்டு: வண்டி இழுக்கவில்லை. சமதளத்தில் எப்படியோ சமாளிக்கிறது, மேம்பாலம் ஏறும்போது ஊர்கிறது, பின்னால் வருகிறவன் ஆரன் அடித்தே காதைக் கிழிக்கிறான். குடுக்கை ஏர் பில்டரை மாற்றினான். பிளக்குகளை மாற்றினான். பெட்ரோல் பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்தான். சைலன்சர் அடைத்திருக்குமோ என்று அதையும் இறக்கிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் அவனே ஓட்டிப் பார்ப்பான். வண்டி பறக்கும். வண்டிச் சொந்தக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊர்க்கதை கேட்க அவனுக்கு ஏது நேரம்? சாவியைக் கையில் திணித்து அனுப்பிவிடுவான். நாலு நாள் போகாது, அத்தான் திரும்ப வந்து, குற்றம் செய்தவர் மாதிரி வாசலில் நிற்பார்.

அன்று காலையில் அக்கா போனில் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். ஊரான் வண்டியை எல்லாம் விழுந்து விழுந்து பார்க்கிறவனுக்கு அத்தான் வண்டி என்றால் இளக்காரமா என்றாள். பிள்ளைகள் தினமும் தாமதமாக வருவதால், நாளைக்கும் அப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளியில் முடிவாகச் சொல்லிவிட்டார்களாம். அந்த வேலை போனால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அது குடுக்கைக்கும் தெரியும். அதனால்தான் போனை வைத்த பிறகும் ஓரிடத்தில் நிற்க முடியாமல் பட்டறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தான்.

இன்று விடுவதில்லை என்று, கோளாறைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனரை வண்டியில் மாட்டினான். ஏற்றத்தில் ஓடும்போது அதில் வரும் எண்களைப் பார்க்க வேண்டும். ஓட்டிக்கொண்டே பார்க்க முடியாது. வேறு வழியில்லாமல் அத்தானை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான்.

மேம்பாலம் ஏறத் தொடங்கியதும் வண்டி திணறியது. குடுக்கைக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் சந்தோஷம். வாடி வா, மாட்டினாயா என்று மனதுக்குள் கறுவிக்கொண்டான்.

"நல்லா மிதிங்க அத்தான். முழுசா."

"முழுசாத்தான்டா மிதிச்சிருக்கேன்."

ஸ்கேனரோ ஆக்ஸிலேட்டர் மூன்றில் ஒரு பங்குகூட இறங்கவில்லை என்றது. அப்படிப் போடு! பெடல் சென்சார் செத்திருக்கிறது, இத்தனை நாளும் இது புத்திக்கு எட்டவில்லையே என்று தொடையில் தட்டிக்கொண்டு, ஒயர் எங்கே போகிறது என்று கீழே குனிந்தான்.

சென்சார் பொய் சொல்லவில்லை. பெடலுக்குக் கீழே தாராளமாக இடம் இருந்தது. அதன்மேல் அத்தானின் வலது பாதம் நடுங்கிக்கொண்டிருந்தது. செருப்பு எப்போதோ கழன்று ஓரமாகக் கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை.

அதற்குள் வண்டி உச்சியைத் தாண்டி இறங்க ஆரம்பித்திருந்தது. கீழே சிவப்பு விளக்கு, அதன் முன்னால் ஒரு பஸ். அத்தான் ஒரு கையால் பேண்டை முழங்காலருகே பிடித்துக் காலைத் தூக்கி பிரேக்கின்மேல் வைத்தார். பாதம் நழுவியது. மறுபடி வைத்தார். மறுபடியும் நழுவியது. குடுக்கை ஸ்கேனரைத் தூக்கி எறிந்துவிட்டுக் கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தான். வண்டி கிறீச்சிட்டு, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், பஸ்ஸுக்கு ஒரு முழம் பின்னால் நின்றது.

அவனுக்கு வந்த கோபத்தில் அத்தான் என்றுகூடப் பார்க்கவில்லை.

"பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு இந்தக் காலோடயா ஓட்டுனீங்க? உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

அத்தான் ஸ்டீயரிங்கை விடவில்லை. விளக்கு பச்சையாகி, பஸ் போய், பின்னால் ஆரன்கள் அலற ஆரம்பித்தன.

"பிரேக்கு இன்னிக்குத்தான்டா நழுவுச்சு. முழுக்காலையும் தூக்கி வெச்சா இதுவரைக்கும் பிடிச்சிச்சு. வண்டியிலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். அப்படித்தான் இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். வண்டின்னா நீ சரி பண்ணிடுவ. கால்னா நான் யார்கிட்டடா போவேன்?"

குடுக்கைக்கு, இத்தனை நாளில் ஒரே ஒரு முறை இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதுமே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. இறங்கி, அவரைத் தோளோடு அணைத்து மறுபக்கம் உட்கார வைத்து, நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டான். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டு ஓடியது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு அழுகை வந்தது.

டாக்டரம்மா பாதத்தைத் தட்டினார், ஊசியால் குத்தினார், தன் கையை அமுக்கச் சொன்னார். அப்புறம் படம் எடுத்துப் பார்த்தார். முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கால் பழையபடி ஆகிவிடும் என்று தைரியம் சொல்லியிருப்பேன், இப்போது சொல்ல முடியவில்லை என்றார். இவ்வளவு நாள் என்னதான் செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்.

"வண்டியப் பாத்துக்கிட்டு இருந்தோம்மா," என்றார் அத்தான்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்காவின் போன். கோளாறு தெரிந்ததா இல்லையா என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டாள். குடுக்கை, வண்டிக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் எப்படியோ சொன்னான். அப்பாடா, இப்போதுதான் எனக்கு உயிரே வந்தது என்றாள் அவள். காலையில் கண்டபடி பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவனால் தாங்க முடியவில்லை.

அத்தான் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. என் கால்தான் போயிடுச்சு," என்றார். டாக்டரம்மா சொன்னதைச் சொல்லிவிட்டு, "பிள்ளைங்க காத்திருக்க வேணாம். நாளைக்குத் தம்பி ஓட்டுவான்," என்றார். குடுக்கையிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடுக்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் பிள்ளையை எந்த வீட்டில் ஏற்ற வேண்டும் என்று கேட்டான்.