மாத்திரையைப் படம் பிடித்தவர்கள்

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய விஞ்ஞான நாவலின் கதை இந்த ஆண்டில்தான் நடக்கிறது. அதனால் பதிப்பகத்துக்குத் திடீரென்று அவர் ஞாபகம் வந்தது. 'அன்றே சொன்னார்கள்' என்ற வரிசையில் மறுபதிப்பு போடலாம் என்றார்கள். பலித்த கணிப்பு ஒன்றாவது பின்னட்டையில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் புத்தகம் கிடையாது. இருபது ஆண்டுகளாக அவர் எழுதிய எதுவும் அச்சில் இல்லை.

பதிப்பாசிரியராக வேலை பார்க்கும் பெண் காலை பத்து மணிக்கே அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியையும் நாவலின் பழைய பிரதியையும் திறந்து உட்கார்ந்துவிட்டாள். பின்னட்டை மூன்று மணிக்கு அச்சகம் போயாக வேண்டும்.

"பறக்கும் கார் இருக்கு சார். ஆனா நாங்க இன்னும் சிக்னல்லதான் நிக்கிறோம்."

"மேல படிங்க."

"நிலாவுல ஹோட்டல். அங்கிருந்து வீட்டுக்குப் பேசணும்னு கதாநாயகன் பொதுத் தொலைபேசியைத் தேடிப் போறார். வரிசையில ஏழு பேர். கையில சில்லறை இல்லாம திரும்பிடறார்."

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, "நிலா வரைக்கும் போனவருக்குச் சில்லறைக்கா பஞ்சம்?" என்றார்.

எழுத்தாளர் காதில் விழாதது போல் கண்ணாடியைத் துடைத்தார். "எல்லா நோயும் ஒழிஞ்சதா எழுதியிருப்பேனே?"

"ஆமா சார். போரும் ஒழிஞ்சிருச்சு. அரசு அலுவலகத்துல பத்து நிமிஷத்துல வேலை முடியுது." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தொழில் தெரிந்தவள்.

பன்னிரண்டு மணிக்குள் நூற்று முப்பது பக்கம் கழிந்தது. ஓரமெல்லாம் பெருக்கல் குறி. அடுத்த பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"சார், இதைக் கேளுங்க. 'இரவு உணவுக்கு மாத்திரை வந்தது. விழுங்குவதற்கு முன் எல்லோரும் தங்கள் மாத்திரையைப் படம் பிடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். பதில் வரும்வரை யாரும் வாயைத் திறக்கவில்லை.' மாத்திரை தப்பு. மீதியெல்லாம் அப்படியே நேத்து எங்க வீடு."

அவருக்கு அந்த வரிகள் நினைவில் இல்லை. எழுதியதைத் திரும்பிப் படிப்பது கற்பனை வறண்டவர்களின் வேலை என்பது அவர் கொள்கை. கையெழுத்துப் பிரதியை மனைவியிடம் கொடுப்பார். மனைவி அதைத் தட்டச்சு செய்து நேரே அச்சுக்கு அனுப்புவார். முப்பத்தோரு புத்தகங்களும் அப்படித்தான் வந்தன.

இருந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதெல்லாம் ஒரு உள்ளுணர்வும்மா. சொல்லி விளக்க முடியாது."

"உள்ளுணர்வா? உங்க அக்காங்க அது," என்றபடி மனைவி வாசற்படியில் வந்து நின்றார், கையில் பாதி மடித்த சட்டையோடு.

"அக்காவா?"

"புதுசா கேமரா வாங்கிட்டு ஒரு வாரம் இங்க வந்து உக்காந்தாங்களே. நான் அடுப்புல வெந்து சமைச்சு வச்சா, தெரிஞ்சவங்களுக்கெல்லாம் தபால்ல அனுப்பணும்னு சுத்திச் சுத்திப் படம் எடுப்பாங்க. எல்லாம் ஆறினப்புறம், உப்பு கம்மின்னு சொல்லுவாங்க. நாத்தனாரை நேர்ல கேக்க முடியுமா? அன்னிக்கு அந்தப் பக்கத்தைத்தான் தட்டிட்டிருந்தேன். மூணு வரி சேர்த்துத் தட்டிட்டேன். நீங்கதான் படிக்கமாட்டீங்களே."

அந்தப் பெண் பால்கனிக்குப் போய்ப் பதிப்பாளரிடம் தொலைபேசியில் பேசினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் பாதி நிம்மதிதான் இருந்தது.

"வரிகள் அவருக்குப் பிடிச்சிருக்கு சார். ஆனா இப்படிச் சொன்னவர் அடுத்த நாப்பது வருஷத்தைப் பத்தியும் புதுசா ஒரு அத்தியாயம் தரணுமாம். தந்தாத்தான் புத்தகமாம். யார் எழுதினாங்கன்னு நான் இன்னும் சொல்லலை."

எழுத்தாளர் மேசையிலிருந்த தாளை இழுத்தார். பேனாவைத் திறந்தார். விண்கலத்தின் இயந்திரத்தை நான்கு பக்கம் வருணித்த கை, ஒரு புள்ளிகூட வைக்காமல் நின்றது. கடைசியில் மனைவி பக்கம் திரும்பினார்.

"அட்டையில உன் பேரையும் போடச் சொல்லட்டுமா?"

"சின்ன எழுத்துலயா?"

"என் பேர் அளவுக்கே."

"சரி, கேளுங்க."

"இப்ப உனக்கு யார் மேல எரிச்சல்?"

மனைவி சட்டையை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு அத்தியாயம் பத்தாதேங்க," என்றார்.